அண்ணி கியர் ஆயில் மாற்றிய ஞாயிறு

வருகிற மாதக் கடைசியில் அண்ணி ஓய்வு பெறுகிறாள். ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அவளைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லி அங்கிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். தியாகம், பொறுமை, தாயுள்ளம் எல்லாம் அதில் வந்துவிட வேண்டும் என்றாள். நான் முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். விடையை முதலில் சொல்லிவிட்டு அதற்கேற்றபடி கணக்கைப் போடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தவிர, அண்ணிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குழாயைச் சரியாக மூடாமல் யாராவது போனால் அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தப் பெண்ணுக்கு நாலு வரி நல்லதாக எழுதி அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிந்த அண்ணியை இங்கே எழுதுகிறேன்.

அவள் என் அண்ணன் மனைவி. என்னைவிட இரண்டு வயது பெரியவள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். நாத்தனாரும் அண்ணியும் முப்பது வருஷமாக ஒரே வீட்டில் என்று சொன்னால் கேட்பவர்கள் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார்கள். பரிதாபம் யார் மேல் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, 'டீச்சர்'தான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளைச் 'சிஸ்டர்' என்பார்கள். கோபம் வந்தால் அண்ணனும் அப்படித்தான் கூப்பிடுவான். கட்டின பெண்டாட்டியைச் சிஸ்டர் என்று கூப்பிடுகிற மனுஷன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அண்ணி வேலை பார்ப்பது சிறுநீரக வார்டில். அங்கே நோயாளி குடிக்கிற ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் கணக்கு உண்டு. வெளியே போவதற்கும் உண்டு. ஒரு தாளில் நடுக்கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'உள்ளே', அந்தப் பக்கம் 'வெளியே' என்று எழுதி, மணிக்கு மணி நிரப்ப வேண்டும். இதையே வருஷக்கணக்காகச் செய்த கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? எனக்கு ஒருமுறை டைபாய்டு வந்தது. என் கட்டிலுக்கு எதிரே காலண்டர் தாளைத் திருப்பி ஒட்டி, நான் குடித்த பாலையும் தண்ணீரையும் மில்லிக் கணக்கில் எழுதினாள். 'வெளியே' பக்கத்தையும் விடவில்லை. என்னைப் பார்க்க வந்த பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் நாலு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தாளைத்தான் படித்தார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தது அவளால்தான், அதை மறுக்க மாட்டேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வார்டு வராந்தாவில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்கால் மூன்று இடத்தில் முறிந்தது. தகடு வைத்து முடுக்கினார்கள். நடக்க வந்துவிட்டது, பாதம் மட்டும் மடங்காது. இரண்டு பஸ் மாறி, நடுவில் நாற்பத்திரண்டு படி உள்ள பாலம் ஏறி இறங்கித்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலை ஆறரைக்கு டியூட்டி. வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். ஐந்தரைக்கு வருகிறேன் என்ற டிரைவர் ஆறே காலுக்குத்தான் போனையே எடுத்தார்.

அப்போதுதான் அண்ணி கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஐம்பத்திரண்டு வயதில். மடங்காத பாதத்தால் கிளட்சை மிதிக்க முடியாது என்பதால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டியாகத் தேடினாள். ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டி முடித்த சாம்பல் நிறக் கார் ஒன்று கிடைத்தது. அதில் இடது காலுக்கு வேலையே இல்லை. முதல் நாள் தனியாக ஓட்டிப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "வந்துட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் பானெட்டைத் திறந்து இஞ்சின் ஆயில் பார்ப்பாள். வார்டில் ரவுண்ட்ஸ் போகிற மாதிரிதான், ஒரு வாரமும் தவறாது.

இரண்டு வருஷம் ஓடியது. பிறகு கியர் மாறுகிற இடத்தில் வண்டி உதற ஆரம்பித்தது. போகப் போக, இஞ்சின் கத்தும், வண்டி நகராது. ஒர்க்ஷாப்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸ் போய்விட்டது என்றார். அந்த மாடலுக்கு வேறு கியர்பாக்ஸ் தேடுவதற்கு வேறு வண்டியே தேடலாம் என்றும் சொன்னார்.

என் அண்ணன் இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தவன். எங்கே என்ன ஆபத்து என்று பார்ப்பதுதான் அவன் தொழில், வீட்டிலும் அதே பார்வைதான். அவள் விழுந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த போனை எடுத்தவன் அவன். அந்தப் பயம் அவனை விடவேயில்லை. வண்டி நின்றதை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டான். பழைய வண்டி எடுப்பவரை ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு வரச் சொன்னான். வண்டி இல்லை என்றால் வேலைக்குப் போக வழியில்லை, வழியில்லை என்றால் விருப்ப ஓய்வுதான். கடிதத்தை அவனே யோசித்துச் சொன்னான். ரூல் போடாத தாளிலும் கோடு பிசகாமல் எழுதுவேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை அழகாக எழுதிக் கொடுத்தவள் நான்.

இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அவள் வீட்டோடு இருப்பதுதான் நல்லது என்று நானும் நினைத்தேன். அவளைக் கேட்காமலே நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் கடிதத்தை அவள் முன்னால் வைத்தான். அண்ணி நிதானமாகப் படித்தாள். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைக் காட்டி, அதை வைக்கச் சொன்னாள். பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் வண்டி என்னோடது" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவள், நாலு லிட்டர் கியர் ஆயில், நீளக் கழுத்துப் புனல் ஒன்று, சில்லறைச் சாமான்கள் கொஞ்சம் என்று ஒரு பையோடு திரும்பி வந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினாள். கையில் டார்ச் இருந்தது, எனக்காக.

வாசலில் பானெட் திறந்திருந்தது. உள்ளே இரண்டு அளவுக் குச்சிகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒன்று இஞ்சின் ஆயிலுக்கு. மற்றொன்று பின்னால், குழாய்களுக்கு நடுவில் ஒளிந்திருந்தது, அது கியர் ஆயிலுக்கு. அண்ணி அதை உருவி, பழைய படுக்கை விரிப்பில் கிழித்த துண்டால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தாள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. அளவு சரி, ஆயில்தான் கெட்டுவிட்டது என்றாள். பழைய டீத்தூள் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்தாள். என் மூக்குக்கு நேரேயும் நீட்டினாள். வார்டில் எதை எதை இப்படிப் பார்த்து முகர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே நானும் முகர்ந்தேன்.

"கருகின வாசனை இல்ல, பாருங்க. அப்போ உயிர் இருக்கு" என்றாள். அவள் நம்பிக்கை முழுவதும் அந்த ஒரு முகர்வில் இருந்தது.

டயர் கடைக்காரரிடம் இரும்புச் சாய்வுப் பலகை இரண்டு இரவல் வாங்கி வைத்திருந்தாள். ஐந்து நிமிஷம் இஞ்சினை ஓட விட்டுச் சூடாக்கி, முன் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றினாள். வழி காட்டியவள் நான். இடதா வலதா என்று ஒழுங்காகச் சொல்லத் தெரியாத கணக்கு டீச்சரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னாள். பின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, இஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களைத் தங்கள் வார்டுக்குக் கொண்டுவருவதில்லை, நேரே பிணவறைக்குத்தான் என்றாள்.

பிறகு ரப்பர் ஷீட்டை விரித்து, மல்லாக்கப் படுத்து, தோளால் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனாள். மடங்காத அந்தப் பாதம் மட்டும் வெளியே செங்குத்தாக நின்றது. நான் குத்துக்காலிட்டு டார்ச் பிடித்தேன். அடியில் தட்டுப் போல ஒன்று, அதில் ஒரு போல்ட். ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தாள், அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் ஒரு பைப்பைச் செருகி, மூச்சை அடக்கி இழுத்தாள். 'டக்' என்று விட்டது. ஆயில் சரேலென்று கொட்டியது. கீழே இருந்தது வெளியூரில் வேலை பார்க்கிற என் மருமகனை, அதாவது அண்ணன் பிள்ளையை, குழந்தையில் குளிப்பாட்டிய பிளாஸ்டிக் தொட்டி.

கடைசிச் சொட்டு வரை காத்திருந்தாள். அரை மணி நேரம். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கிவிட்டு வெளியே வந்தாள். பழைய ஆயிலை அளவு ஜாடியில் ஊற்றி ஊற்றி அளக்க ஆரம்பித்தாள். அந்த ஜாடியை இனிமேல் சமையலறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. எழுதுவதற்கு அட்டையில் தாள் தயாராக இருந்தது. நடுக்கோடு, 'உள்ளே', 'வெளியே'. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வெளியே வந்தது மொத்தம் இரண்டு லிட்டர் அறுநூறு.

கூட்டிப் போடும்போதுதான் தாளின் மறுபக்கத்து எழுத்து மங்கலாகத் தெரிந்ததைக் கவனித்தேன். வரிக்கு வரி கோடு பிசகாத எழுத்து. என்னுடையது. விருப்ப ஓய்வுக் கடிதம்.

"அண்ணி, இது அந்த லெட்டர்."

"பின்பக்கம் காலியாத்தானே இருந்துச்சு" என்றாள் அண்ணி. "நல்ல தாள், டீச்சர். எழுதுங்க."

எழுதினேன். வேறென்ன செய்வது?

வெளியே போனது எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு. இது அவள் வார்டுச் சட்டம். வண்டியைச் சமதளத்தில் இறக்கி, புனலை வைத்து, புது ஆயிலை இரண்டு லிட்டர் அறுநூறு, ஒரு மில்லி கூடாமல் குறையாமல் ஊற்றினாள். மாதுளைச் சாறு நிறத்தில் பளபளவென்று இறங்கியது. இரண்டு பக்கமும் சமமாக வந்தது எனக்கும் பிடித்திருந்தது. அளவுக் குச்சியும் அதையே சொன்னது, ஆயில் பழைய இடத்திலேயே நின்றது. முகம் கழுவிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தாள்.

எங்கள் தெரு கடைசியில் மேடாக ஏறி மெயின் ரோட்டைத் தொடும். நான் வாசலில் நின்று பார்த்தேன். மேடு ஆரம்பிக்கிற இடத்தில் வண்டி ஒரு உதறு உதறியது. இஞ்சின் கத்தியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு பின்பக்கமாக மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. ஒருவழியாகத் திருப்பி, ஊர்ந்து ஊர்ந்து வாசலுக்கு வந்து சேர்ந்தாள். மணி இரண்டரை.

அண்ணன் டீ டம்ளரோடு வந்து நின்றான். அவன் அன்று அவளைச் சிஸ்டர் என்று சொல்லவில்லை.

"போதும்மா. இறங்கு."

அவன் குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நானாவது பதில் பேசியிருப்பேன். அவன் உள்ளே போனதும் அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை கறை. எனக்கு அழுகை வந்தது. ஒரு பழைய இரும்பு வண்டி ஓட வேண்டுமென்று இவ்வளவு ஆசைப்படுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அந்தக் கடிதத்தை எழுதிய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

கால் மணி நேரம் இருக்கும். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இவனைப் படுக்க வெச்சே பிரஷர் பாத்திருக்கேன்."

வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் இறங்கி வந்து எனக்குப் பாடம் நடத்தினாள். உடம்பில் நீர் வற்றிப்போன ஆளைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தால் பல நேரம் சரியாகவே காட்டும். எழுப்பி நிற்க வைத்தால் மயங்கி விழுவான், அப்போதுதான் குறை தெரியும். இந்த வண்டியும் அப்படித்தான். இஞ்சின் அணைந்திருந்தால் மேலே சுற்ற வேண்டிய ஆயில் கீழே இறங்கித் தட்டில் வந்து தேங்கும், குச்சியில் அளவு ஏறித் தெரியும். இஞ்சினை ஓட விட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் இஞ்சின் ஆயிலை வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கிற கை, இதையும் அப்படியே பார்த்துவிட்டது.

"வந்ததைத் திருப்பி ஊத்திட்டேன்" என்றாள். "வரும்போதே வத்திப்போய் வந்தவனுக்கு, வந்த அளவே குடுத்தா எப்படிப் போதும்? முதல் வருஷப் பொண்ணு இதைப் பண்ணியிருந்தா நான் என்ன சத்தம் போட்டிருப்பேன், சொல்லுங்க."

என்ன சத்தம் போட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதையே கொஞ்ச நேரம் தனக்குத் தானே போட்டுக்கொண்டாள். சமமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவள் நானும்தானே.

இஞ்சினை ஓட விட்டாள். பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, ஒவ்வொன்றிலும் நாலு விநாடி நிறுத்தி, மறுபடி பார்க்கிங்கில் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு இறங்கினாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை எடுத்தாள். நுனியில் மட்டும் ஈரம். கீழ்க்கோட்டைக்கூட எட்டவில்லை.

"பாருங்க. எழுந்து நின்னதும் மயக்கம்" என்றாள். அந்த நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

இருநூறு ஊற்றினாள், பார்த்தாள். இன்னும் இருநூறு, பார்த்தாள். சொட்டு மருந்து ஏற்றுகிற நிதானம். எழுநூறு உள்ளே போன பிறகு ஆயில் மேல்கோட்டில் வந்து நின்றது. நான் 'உள்ளே' பக்கத்தில் எழுநூறைத் தனியாக எழுதினேன். மற்றவர்களாக இருந்தால் அத்தோடு வண்டியை எடுத்திருப்பார்கள். இவள், அந்த எழுநூறு எங்கே போனது என்று கேட்டாள். வெளியே போனதற்குக் கணக்கு வராமல் அவளுக்குச் சோறு இறங்காது.

டார்ச்சை வாங்கி முன்பக்கமாகக் குனிந்து துழாவினாள். கியர் ஆயிலை ஆற வைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாயின் மூட்டில் சிவப்பாக ஒரு மணி கோத்து நின்றது. பழைய ஆயில் அழுக்கோடு அழுக்காகக் கண்ணில் படாமல் இருந்தது, புது ஆயில் காட்டிக்கொடுத்துவிட்டது. குழாயைப் பிடிக்கிற கிளிப் தளர்ந்திருந்தது. இஞ்சினை அணைத்து, ஆற விட்டு, வாங்கி வந்த சில்லறைச் சாமான்களிலிருந்து புதுக் கிளிப் போட்டு முடுக்கினாள்.

அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கறை இருந்தது. அதற்காக எதிர்வீட்டு வாலிபனோடு நாலு மாதத்துக்கு முன்னால் சண்டை போட்டிருந்தேன். எங்கள் வண்டி வெளியே போயிருக்கிற நேரம் அவன் பைக்கை அங்கே நிறுத்துவான், ஆயில் ஒழுகுகிறது, துடைத்துவிட்டுப் போ என்று கத்தியிருந்தேன். அன்று சாயங்காலமே போய் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அந்தச் சண்டை ஞாபகமே இல்லை. நாலு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது நான் மட்டும்தான்.

நாலே காலுக்கு மறுபடி வண்டியை எடுத்தாள். யாரும் கூப்பிடாமலே அண்ணன் வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டான். நான் பின்னால். மேடு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாறியதை நான் மனசுக்குள் எண்ணினேன். உதறலே இல்லை. மெயின் ரோட்டில் ஏறி வலது பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் பாதி தூரம் வரை போய்த்தான் திரும்பினாள். வருகிற வழியில் அண்ணன் போனை எடுத்து, பழைய வண்டி எடுப்பவரை வர வேண்டாம் என்று சொன்னான். காரணம் கேட்டிருப்பார் போல. "ஓடுது" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த லெட்டர் எங்கே என்று கேட்டான். அண்ணி கையிலிருந்த அட்டையை அப்படியே நீட்டினாள். கணக்குப் பக்கம்தான் மேலே இருந்தது. வெளியே இரண்டு அறுநூறு, உள்ளே இரண்டு அறுநூறு, அதன் கீழே தனியாக ஒரு எழுநூறு. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த எழுநூறு என்ன?"

"கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டே இருந்தது" என்றாள் அண்ணி. "யாரும் நிக்க வெச்சுப் பாக்கல."

அண்ணன் தாளைத் திருப்பிப் பார்க்காமலே அவளிடம் திருப்பிக் கொடுத்தான். மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் கிளம்பியபோது கேட்டைத் திறந்து விட்டவன் அவன்தான். அன்றிலிருந்து தினமும் அவன்தான் திறந்து விடுகிறான்.

ஆறு வருஷமாக அவள் அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். இதற்குள் வார்டில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்பதை மலர் போடுகிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். எனக்குத் தெரிந்த கணக்கு அந்த ஒரு தாளில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை வீட்டு வாசலிலேயே கியர் ஆயில் மாற்றுகிறாள். டார்ச் பிடிப்பவள் நான், எழுதுபவளும் நான். போன ஞாயிறு ஆறாவது வரியை எழுதினேன். 'ஓட விட்டுப் பார்த்தது, சரி' என்று முடித்தேன். காரின் டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைக்கும் முன் தாளைத் திருப்பிப் பார்த்தேன். ஆயில் பட்டு முன்பக்கம் பாதி பழுப்பேறிக் கிடக்கிறது. என் எழுத்து மட்டும் இன்னும் கோடு பிசகாமல் இருக்கிறது. கடைசி வரியில் 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதியிருக்கிறேன். அதன் கீழே அவள் கையெழுத்துக்காக நான் விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.